ஃபைனல் ஃபேண்டஸி 7: அசலில் தொடங்குவதா, ரீமேக்கில் தொடங்குவதா?

சில மாதங்களுக்கு முன் என் அக்கா மகன் கேட்டான்: "மாமா, ஃபைனல் ஃபேண்டஸி 7 வீடியோ கேம் விளையாடலாம்னு இருக்கேன். எதை வாங்கட்டும்?" ஒரே பெயரை வைத்துக்கொண்டு நாலைந்து கேம்கள் விற்பனையில் இருக்கும்போது அவன் குழம்பியதில் தப்பில்லை. 1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த அசல் இருக்கிறது. அதையே துடைத்து இன்றைய கருவிகளுக்குக் கொண்டுவந்த பதிப்பு இருக்கிறது. கணினியில் ரசிகர்கள் மாட் என்ற சொந்த மாற்றங்களைப் போட்டுப் புதுப்பித்தது இருக்கிறது. அப்புறம் அதே கதையைப் புதிதாகச் செய்து 2020இல் வந்த ரீமேக், அதன் தொடர்ச்சியாக 2024இல் வந்த ரீபர்த்.

"பழையதுதான்டா" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சின்ன வயதிலேயே மனதுக்குள் போய் உட்கார்ந்துவிட்ட ஒன்றைப் பற்றி என்னால் நியாயமாகப் பேச முடியுமா என்று சந்தேகம் வந்தது. கொஞ்சம் பொறு என்று அவனிடம் சொல்லிவிட்டு, அசலை மறுபடியும் முதலிலிருந்து கடைசிவரை விளையாடினேன். முடித்த கையோடு ரீமேக்கையும் ரீபர்த்தையும் எடுத்தேன். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். மிட்கார் நகரத்துக்குள் நடப்பதை வெளிப்படையாகப் பேசுவேன். அதற்கப்புறம் வரும் பெரிய திருப்பங்களைச் சொல்ல மாட்டேன். அவற்றை நீங்களே கண்டுகொள்ள வேண்டும்.

முதலில் அசலின் குறைகள். நிறையவே இருக்கின்றன.

கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் முதல் பாஸ், அதாவது பெரிய எதிரி வருகிறது, தேள் மாதிரி ஓர் இயந்திரம். சண்டை நடுவே கதாநாயகன் க்ளவுட் எச்சரிக்கிறான். ஆங்கிலப் பதிப்பில் அந்த எச்சரிக்கை முதலில் "அதன் வால் மேலே இருக்கும்போது தாக்கு" என்று வருகிறது. சரி என்று தாக்கினால் லேசர் அடி விழுகிறது. "லேசரால் திருப்பி அடிக்கும்" என்ற மிச்ச வரி அதற்கப்புறம்தான் வருகிறது. வால் தூக்கியிருக்கும்போது தாக்கக் கூடாது என்பதுதான் சொல்ல வந்த செய்தி. முதல் முறை விளையாடுகிறவருக்கு முதல் பாடமே தலைகீழாகக் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பு அவசரத்தில் நடந்தது என்பதற்கு அடையாளங்கள் வழிநெடுக உண்டு. சேரிப் பகுதியில் உடம்பு சரியில்லாத ஒருவனைப் பற்றி நம் அணியின் ஏரித் என்ற பெண் சொல்லும் வரியில் ஒருமை பன்மைகூட ஒத்துப்போகாது. அணியின் இன்னொருவனான பாரெட் பேசுவது இன்னும் மோசம். கறுப்பின மனிதன் ஒருவனைக் கேலிச்சித்திரம் போல வசைச்சொற்களால் நிரப்பியிருக்கிறார்கள். அவனுடைய சொந்த ஊரின் கதை வெளிவரும்போதுதான் அவன் முழு மனிதனாகிறான், அதற்குள் பல மணி நேரம் போய்விடுகிறது.

உருவங்களைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். ஊருக்குள் நடமாடும்போது பாத்திரங்களுக்கு விரல் கிடையாது, வாய் கிடையாது, கட்டை கட்டையான கைகள். சண்டையில் அதே ஆட்கள் நெட்டையாக, சரியான உடலமைப்போடு வந்து நிற்பார்கள். இன்றைய பதிப்பில் இந்த உருவங்களைக் கூர்மையாக்கிவிட்டு, பின்னணி ஓவியங்களைப் பழைய தெளிவிலேயே விட்டுவிட்டதால், மங்கலான படத்தின் மேல் பொம்மையை ஒட்டியது போல இருக்கிறது. எங்கே கதவு, எங்கே வெறும் சுவர் என்று தெரியாமல் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். செலக்ட் பட்டனை அழுத்தினால் வெளியேறும் இடங்கள் மேல் சிவப்பு முக்கோணம் தெரியும். இதை மறக்காமல் செய்யுங்கள், பாதி எரிச்சல் போய்விடும்.

சண்டை எளிது. கொஞ்சம் கவனமாக இருந்தால் போதும், பாதிக்கு மேல் எந்த பாஸும் பயமுறுத்தாது. வட்டமேசை வீரர்கள் பதின்மூன்று பேரும் வந்து ஒவ்வொருவராக வெட்டிவிட்டுப் போகும் சம்மன் (துணைக்கு அழைக்கும் மந்திரம்), ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும். அன்றைக்கு வாயைப் பிளந்து பார்த்தோம், இன்றைக்கு நாலாவது தடவை பார்க்கும்போது கை அலுத்துப்போகிறது. பனிச்சறுக்கு, நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி நடுவில் நுழைக்கப்பட்ட சின்ன விளையாட்டுகளில் பல, 3டி வந்த புதிதில் அதைச் செய்து காட்டும் ஆசையில் செய்தவை. வால் மார்க்கெட் என்ற கேளிக்கைச் சந்தையில் க்ளவுட் பெண் வேடம் போடும் பகுதியில் சிரிப்புக்காகச் சேர்த்திருக்கும் சில காட்சிகளை இன்று கூச்சமில்லாமல் பார்க்க முடியவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டும் என் பதில் அசல்தான். காரணம் ஒரே ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது. இந்த கேம் எதைக் காட்டாமல் விட வேண்டும் என்று தெரிந்து செய்யப்பட்டது.

செஃபிரோத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோ கேம் வரலாற்றின் மிகப் பிரபலமான வில்லன்களில் ஒருவன். ஆனால் மிட்காரில் கழிக்கும் ஆறேழு மணி நேரத்தில் நீங்கள் அவனைப் பார்ப்பதே இல்லை. பெயர் மட்டும் அங்கங்கே காதில் விழும். மிட்காரை ஆளும் ஷின்ரா நிறுவனத்தின் கட்டடத்தில் சிறைவைக்கப்பட்டுத் தூங்கி எழுந்தால் கதவு திறந்திருக்கிறது, காவலன் செத்துக் கிடக்கிறான், தரையில் ரத்தக் கோடு மேலே மேலே போகிறது. அதைப் பின்தொடர்ந்து போனால், நிறுவனத் தலைவர் தன் மேசையில் கவிழ்ந்து கிடக்கிறார், முதுகில் நீண்ட வாள் குத்தி நிற்கிறது. அவ்வளவுதான், வாளை வைத்தவன் அங்கே இல்லை.

அப்புறம் நகரத்தை விட்டு வெளியேறி கால்ம் என்ற சின்ன ஊருக்குப் போகிறோம். விடுதியில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, க்ளவுட் ஐந்து வருடத்துக்கு முந்தைய கதையைச் சொல்லத் தொடங்குகிறான். அந்த நினைவுக்குள் நாம் விளையாடுகிறோம். வண்டியில் போகும்போது ஒரு டிராகன் வழிமறிக்கிறது. நம் அணியில் க்ளவுட், லெவல் 1. பக்கத்தில் செஃபிரோத், லெவல் 50. டிராகன் மூச்சு விட்டால் க்ளவுட் ஒரே அடியில் விழுந்துவிடுகிறான். செஃபிரோத்துக்குக் கட்டளை கொடுக்க நமக்கு அனுமதி இல்லை, அவன் தானாகவே சண்டை போடுகிறான். டிராகனின் அடி அவன் மேல் பட்டால் திரையில் வரும் எண் சுழியம். விழுந்து கிடக்கும் க்ளவுட்டை அவனே எழுப்பிவிட்டு டிராகனை வெட்டி முடிக்கிறான். ஒரு வசனம் இல்லாமல், வெறும் எண்களால், நமக்கும் அவனுக்கும் உள்ள தூரத்தைக் காட்டிவிடுகிறார்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோதும் எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.

ரீபர்த்தின் முதல் அத்தியாயம் இதே நினைவுதான். அதில் செஃபிரோத்தை நாமே இயக்கலாம். அவன் வாளைச் சுழற்றி வெட்டுவது கைக்கு அத்தனை சுகமாக இருக்கிறது. ஆனால் எட்டாத உயரத்தில் நின்றவன், நம் பட்டனுக்கு ஆடுகிற இன்னொரு பாத்திரமாகிவிடுகிறான். அதற்கும் முன்னால், ரீமேக்கில் இரண்டாவது அத்தியாயத்திலேயே எரியும் தெருவில் காட்சியாக வந்து க்ளவுட்டிடம் பேசத் தொடங்கிவிடுகிறான். எல்லாருக்கும் தெரிந்த முகத்தை எத்தனை நேரம் மறைத்துவைப்பது என்று அவர்கள் யோசித்திருக்கலாம். ஏற்கெனவே தெரிந்தவருக்கு அது நியாயம்தான். தெரியாதவருக்கோ அந்த ஆறு மணி நேரத்துப் பயம் கைக்கு வராமலே போய்விடுகிறது.

கால்ம் விடுதியில் இன்னொரு விஷயமும் நடக்கிறது. க்ளவுட் கதை சொல்லும்போது அணியில் இருக்கும் டிஃபா என்ற பெண் அதிகம் பேசுவதில்லை. அந்தக் கட்டைப் பொம்மைக்கு வாயே கிடையாது என்று சொன்னேன் அல்லவா? அவள் தலையைக் குனிந்துகொண்டு இருப்பதை முதல் தடவை விளையாடும்போது யாரும் கவனிப்பதில்லை. கதையின் பின்பாதி தெரிந்தபின் மறுபடி பார்க்கும்போது, அவள் ஏன் பேசவில்லை என்பது நெஞ்சை அடைக்கிறது. புதியதில் அவள் கண்ணில் தயக்கம், குரலில் நடுக்கம், புருவத்தில் கவலை என்று எல்லாம் அழகாகவே நடிக்கப்பட்டிருக்கின்றன. அதனாலேயே ஏதோ சரியில்லை என்று நமக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது. நல்ல நடிப்புதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரகசியத்தைக் காப்பாற்றியது அந்த வாயில்லாப் பொம்மைதான்.

இப்போது ரீமேக்கின் பக்கம் நின்று பேசுகிறேன், அதற்கும் பேச நிறைய இருக்கிறது.

சண்டை முறையில் ரீமேக் பல படி மேலே. அசலில் மெட்டீரியாதான் எல்லாம். ஆயுதத்தில் உள்ள குழிகளில் மந்திரக் கற்களைப் பதிக்கிறோம், இணைந்த குழிகளில் இரண்டை ஜோடி சேர்த்தால் புது விளைவு. மின்னலோடு "ஆல்" சேர்த்தால் எல்லா எதிரிகள் மேலும் விழும். கல் வளர்ந்து முற்றினால் இன்னொரு கல்லை ஈனும். இன்றைக்கும் இந்த அமைப்பை வைத்து மணிக்கணக்கில் மெனுவிலேயே உட்கார்ந்திருக்க முடிகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கல்லை மாற்றினால் ஆள் மாறிவிடுகிறான். அடி வாங்க வாங்க நிரம்பும் லிமிட் பிரேக் என்ற சிறப்புத் தாக்குதலை விட்டால் பாரெட்டுக்கும் டிஃபாவுக்கும் சண்டையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ரீமேக்கில் டிஃபா பாய்ந்து பாய்ந்து குத்துகிறாள், பாரெட் தூரத்திலிருந்து சுட்டுத் தாங்கிப் பிடிக்கிறான், ஏரித் தரையில் மந்திர வட்டம் போட்டு அதற்குள் நின்று இரட்டிப்பாக எறிகிறாள். மெட்டீரியாவும் அப்படியே இருக்கிறது. அடித்து, தடுத்து, கட்டளை கொடுக்கத் தேவையான ஏடிபி அளவை நிரப்ப வேண்டும், நிரம்பியதும் நேரத்தை மெதுவாக்கிக் கட்டளை கொடுக்க வேண்டும். கையும் மூளையும் ஒன்றாக வேலை செய்கின்றன. ஒரு முறை முடித்தபின் திறக்கும் ஹார்ட் முறையில் மருந்துப் பொருள்களைப் பயன்படுத்த முடியாது, பெஞ்சில் உட்கார்ந்தாலும் எம்பி என்ற மந்திர சக்தி திரும்பாது. அங்கேதான் இந்தச் சண்டை முறையின் முழு ஆழமும் தெரிந்தது.

வால் மார்க்கெட் பகுதியையும் ரீமேக் மரியாதையோடு திருத்தியிருக்கிறது. கேலியாக இருந்த இடத்தை மேடை நடனமாக மாற்றி, க்ளவுட் அதை வெட்கமில்லாமல் ஆடி முடிக்கும்போது, விளையாடுகிற நமக்கும் பெருமையாகவே இருக்கிறது. க்ளவுட்டோடு சேர்ந்து ஷின்ராவுக்கு எதிராகக் குண்டு வைக்கும் ஜெஸ்ஸி, பிக்ஸ், வெட்ஜ் மூன்று பேரும் அசலில் நாலு வரி பேசிவிட்டுப் போகிறவர்கள். இங்கே ஜெஸ்ஸியின் வீட்டுக்கே போகிறோம், அவள் ஏன் குண்டு செய்யத் தொடங்கினாள் என்று தெரிந்துகொள்கிறோம்.

நீட்டல்தான் இடிக்கிறது. அசலில் ஆறேழு மணி நேரமாக இருந்த மிட்காரை, சுமார் 35 மணி நேரமாக இழுத்திருக்கிறார்கள். தொலைந்த பூனைகளைத் தேடு, எலிகளைக் கொல்லு, ஒரே சாக்கடைக்குள் இரண்டாவது தடவை இறங்கு. ஷின்ராவின் விஞ்ஞானி ஹோஜோவின் ஆய்வுக்கூடம் முடிவுக்கு வராதா என்று இருந்தது. நகரம் மூச்சுமுட்டுவதும், அதிலிருந்து தப்பி வெளியே வந்ததும் உலக வரைபடம் விரிந்து இசையமைப்பாளர் உவேமாட்சுவின் இசை எழுவதும்தான் அசலின் முதல் பெரிய சந்தோஷம். ரீமேக் அந்த வாசலில் வந்து முடிந்துவிடுகிறது.

இன்னொன்றும் இடிக்கிறது, இது எனக்கு முக்கியம். மிட்கார் நகரத்தின் ஏழாம் வட்டாரத்து மேல்தளத்தை, கீழே இருக்கும் சேரியின் மேல் ஷின்ரா விழவைக்கிறது. அசலில் அந்தக் காட்சியைத் தலைவர் தன் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், பின்னணியில் ஹேடனின் கம்பீரமான கூட்டிசை. கீழே இருந்தவர்கள் யாரும் பிழைத்ததாக நமக்குத் தெரியாது. நாம் கொஞ்சம் முன்னால் சேவ் செய்த இடம், பேசிய கடைக்காரர், எல்லாம் ஒரே நொடியில் இல்லை. ரீமேக்கில் மக்கள் ஓடித் தப்பிக்கப் போதிய நேரம் கொடுத்திருக்கிறார்கள், செத்ததாக நினைத்தவர்களில் சிலர் திரும்பியும் வருகிறார்கள். இடிபாடு பிரம்மாண்டமாக இருக்கிறது, இழப்பு குறைந்துவிட்டது. குண்டு வைக்கிறவர்களின் பக்கம் நின்று விளையாட வைத்துவிட்டு, அதற்குக் கிடைத்த பதிலடியைக் கூசாமல் காட்டிய கதை அது. அந்தத் துணிச்சலை மென்மையாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் எதில் தொடங்குவது என்ற கேள்விக்குப் பதில் சொல்வது விஸ்பர்கள். ரீமேக்கில் சாம்பல் நிற ஆவிகள் கூட்டமாக வந்து சிலரைத் தடுக்கும், சிலரைத் தள்ளிவிடும். இவை ஏன் வருகின்றன? கதை அசலின் பாதையிலிருந்து விலகும் நேரத்தில், அதை இழுத்து மறுபடி அந்தப் பாதையில் விடுவதற்காக. அசலைத் தெரிந்தவருக்கு இது பெரிய உரையாடல். "அடுத்து என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும், அது அப்படியே நடக்க வேண்டுமா?" என்று கேம் நேராக நம்மைப் பார்த்துக் கேட்கிறது. தெரியாதவருக்கு அவை எங்கிருந்தோ வந்த பேய்கள். கடைசி அத்தியாயம் முழுக்க இந்த உரையாடல்தான். பெயரில் ரீமேக் என்று போட்டிருந்தாலும், அசலுக்கு எழுதிய பதில் கடிதம் மாதிரி அது. முதல் கடிதத்தைப் படிக்காமல் பதிலை மட்டும் படித்தால் பாதிதான் புரியும்.

ரீபர்த்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரந்த நிலப்பகுதிகள், ஊர் ஊராக அற்புதமான இசை, குயின்ஸ் பிளட் என்ற சீட்டாட்டம் ஒன்றே தனி கேமாக விற்கலாம் போல அத்தனை நேர்த்தி. சாட்லி என்ற பையன் மட்டும் ஒவ்வொரு கோபுரத்தையும் தொட்டதும் பேசிக்கொண்டே இருப்பான். சின்ன விளையாட்டுகள் அசலில் இருந்ததைவிடப் பல மடங்கு. எல்லாவற்றையும் முடிக்க நினைத்தால் 100 மணி நேரம் போய்விடும், கதையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் அதில் பாதிக்கும் குறைவு. மூன்று பாகமாகத் திட்டமிட்ட வரிசையில் இது இரண்டாவது. இரண்டு பாகங்களும் சேர்ந்து அசலின் மூன்று டிஸ்க்குகளில் முதலாவது முடியும் இடத்துக்குத்தான் வந்து சேருகின்றன.

அந்த இடத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன், என்ன நடக்கிறது என்று சொல்லாமல். அசலில் அங்கே ஒரு பாஸ் சண்டை வரும். வழக்கமான சண்டை இசை வராது. அதற்கு முந்தைய காட்சியில் தொடங்கிய மெல்லிய பியானோ இசையே, சண்டை முழுக்க நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். கை பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும், மனசு அங்கே இருக்காது. ரீபர்த்தில் அதே இடத்தில் கட்டம் கட்டமாக நீளும் சண்டைகளும், இது எந்த உலகம் என்ற குழப்பமும் வந்து மொய்க்கின்றன. முடிந்தபோது எனக்கு விரல்கள்தான் வலித்தன.

"கதையை யூடியூபில் பார்த்துவிட்டு நேராக ரீமேக்குக்குப் போகட்டுமா?" என்றும் அவன் கேட்டான். வேண்டாம் என்றேன். டிராகனின் அடி சுழியமாக வருவதைப் பார்ப்பது வேறு, லெவல் 1 ஆளைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பது வேறு. கைபேசியில் கிடைக்கும் எவர் கிரைசிஸைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது ஆயுதங்களைக் குலுக்கலில் எடுக்கும் வேறு வகை. ஜாக் என்ற பாத்திரத்தின் முன்கதையான கிரைசிஸ் கோரை முதலில் விளையாடினால், அசல் பொத்திப் பொத்தி வைத்திருப்பதை அது முன்பே கொட்டிவிடும்.

சரி, அசல் என்றால் எந்தப் பதிப்பு? கையில் இருக்கும் கருவியில் கிடைக்கும் எதுவும் போதும். பிளேஸ்டேஷன் 4, ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ், கணினி எல்லாவற்றிலும் இருக்கிறது. ரீமேக்குக்கு 100 ஜிபி அளவில் இடம் வேண்டும், ரீபர்த்துக்கு அதைவிடக் கூடுதல், இதற்கோ சில ஜிபி போதும். கன்சோல் பதிப்புகளில் மூன்று உதவிகள் இருக்கின்றன. 3 மடங்கு வேகத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், நீண்ட சம்மன்களும் திரும்பத் திரும்ப வரும் சண்டைகளும் அலுக்காமல் போகும். ஆனால் வசனக் காட்சி தொடங்கியதும் அதை அணைத்துவிடுங்கள், இசையும் அசைவும் ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்யப்பட்டவை. எதிரிகளே வராமல் செய்யும் வசதியை வழி தொலைந்து அலையும்போது மட்டும் போடுங்கள். உயிரும் லிமிட்டும் நிரம்பிக்கொண்டே இருக்கும் வசதியைத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே எளிதான கேம், அதைப் போட்டால் மெட்டீரியாவுக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

கணினி வைத்திருப்பவருக்கு செவன்த் ஹெவன் என்ற மாட் மேலாளர் இருக்கிறது. அதை வைத்துப் பின்னணி ஓவியங்களைத் தெளிவாக்கலாம், உருவங்களை மாற்றலாம், ரசிகர்கள் திருத்திய மொழிபெயர்ப்பைச் சேர்க்கலாம். திருத்திய மொழிபெயர்ப்பு மட்டும் கட்டாயம் என்பேன், பின்பாதியில் கதை பின்னும் இடங்களில் பழைய ஆங்கிலம் நிஜமாகவே குழப்புகிறது. நெட்டையான புது உருவங்களை முதல் தடவை போட வேண்டாம். கட்டைப் பொம்மைகள் தலையை ஆட்டி, கையை உதறி, முதுகைக் காட்டித் திரும்பி நடிக்கும் விதத்தில் ஒரு நாடகம் இருக்கிறது. நிஜ மனித உருவம் அதே அசைவைச் செய்தால் பொருந்தாது.

யார் ரீமேக்கில் தொடங்கலாம்? மாறி மாறி அடித்துக்கொள்ளும் சண்டையும் எழுத்தில் ஓடும் வசனமும் எப்படி முயன்றாலும் பிடிக்காது என்று தெரிந்தவர்கள். அவர்களை அசலுக்குள் வலுக்கட்டாயமாகத் தள்ளினால் மிட்காரைத் தாண்டுவதற்குள் விட்டுவிடுவார்கள். எதையும் விளையாடாமல் இருப்பதைவிட ரீமேக் ஆயிரம் மடங்கு மேல். ஆனால் தாங்க முடியுமா முடியாதா என்று தெரியாமல் நடுவில் நிற்பவர்கள் அசலுக்கு ஆறேழு மணி நேரம் கொடுங்கள், கால்ம் விடுதிக் கதை வரை. அதுவரை வந்தும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் மாறிவிடுங்கள்.

அக்கா மகன் அசலைத்தான் வாங்கினான், ஸ்விட்சில். முதல் வாரம் முழுக்க முணுமுணுத்தான். தேளிடம் லேசர் அடி வாங்கியதை எனக்குப் போன் போட்டுச் சொன்னான். கால்மைத் தாண்டியதும் சதுப்பு நிலத்தில் ஒரு பெரிய பாம்பு துரத்துகிறது, அதனிடம் நாலு தடவை செத்தேன் என்றான். சொகோபோ என்ற பெரிய பறவையைப் பிடித்து அதன் மேல் ஏறி ஓடித் தப்பு என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் இரவு மறுபடி கூப்பிட்டான். சதுப்பைத் தாண்டிவிட்டானாம். அந்தப் பக்கம் அதே மாதிரி ஒரு பாம்பை மரத்தில் குத்தித் தொங்கவிட்டிருக்கிறார்களாம். "மாமா," என்றான், "நாலு தடவை செத்தேன் மாமா அதுகிட்ட." கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், சேவ் பண்ணிவிட்டு வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.